சிரிப்புத் தொடரில் வரும் பிள்ளையும் நம் வீட்டுப் பிள்ளையும்



இந்த வரிசையில் தாய்ப்பால், இரும்புச்சத்து மாத்திரை, வயிற்றுப்போக்குக்கு உப்புச் சர்க்கரைக் கரைசல் என்று பலவற்றைப் படித்திருப்பீர்கள். இந்த முறை தொலைக்காட்சிச் சிரிப்புத் தொடர்களைப் பற்றி எழுத வேண்டியதாயிற்று. "சுகாதாரத் துறைக்கும் டீவிக்கும் என்னங்க சம்பந்தம்?" என்று கேட்பீர்கள். சம்பந்தம் எப்படி வந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

ஒரு புதன்கிழமை, தடுப்பூசி நாள். ஒரு தாய் ஒன்பது மாதக் கைக்குழந்தைக்குத் தட்டம்மை-ரூபெல்லா ஊசி போட வந்திருந்தார். கூடவே மூன்றரை வயது மூத்த பையன். அவன் பெஞ்சுக்கு அடியில் உட்கார்ந்து, ஒரு பொம்மைக் காரைக் கவிழ்த்துப் போட்டு, அதன் சக்கரத்தை மட்டும் சுற்றிச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தான். செவிலியர் மூன்று தரம் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். திரும்பவில்லை. அந்தத் தாய் சிரித்துக்கொண்டே, "அவன் அப்படித்தாங்க மேடம், எங்க வீட்டு ஷெல்டன்" என்றார்.

ஷெல்டன் யார் என்று கேட்டேன். இன்ஜினியரிங் படிக்கிற அவருடைய தம்பி செல்போனில் பார்க்கும் ஒரு அமெரிக்கச் சிரிப்புத் தொடரில் வரும் விஞ்ஞானியாம். அவனும் இப்படித்தான், யாரோடும் ஒட்டமாட்டான், சொன்னதையே சொல்லுவான், ஆனால் மகா மேதை. "இவனும் பெரிய ஆளா வருவான்னு தம்பி சொல்றான் மேடம். பஸ் நம்பர் எல்லாம் மனப்பாடம்."

"அம்மான்னு கூப்பிடுவானா?"

பதில் வரவில்லை. பிறகு மெதுவாகச் சொன்னார்: அங்கன்வாடிப் பணியாளர் ஒன்றரை வருஷத்துக்கு முன்பே "பையனை ஒரு தடவை காட்டுங்க" என்று சொல்லியிருக்கிறார். தம்பியின் பேச்சில் ஒரு தைரியம் வந்து, போகாமல் இருந்துவிட்டார்.

அந்தத் தம்பியை நான் குற்றம் சொல்லமாட்டேன். அக்காள் மகன்மேல் உள்ள பாசத்தில் சொன்னதுதான். ஆனாலும் ஒன்றரை வருஷம் போனது போனதுதான். மூளை வேகமாக வளரும் வயதில் ஒன்றரை வருஷம் என்பது சின்னக் கணக்கல்ல. அன்று இரவு வீட்டுக்குப் போய், என் மகளிடம் சொல்லி, அந்தத் தொடரைப் போடச் சொன்னேன். அதற்குப் பிறகு வேறு சிலவற்றையும் பார்த்தேன். பார்த்ததில் எனக்குப் பட்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஷெல்டன் என்பவர் யார்?

தொடரின் பெயர் 'தி பிக் பேங் தியரி'. அமெரிக்காவில் சி.பி.எஸ். நிறுவனம் 2007 செப்டம்பர் முதல் 2019 மே வரை, 12 வருஷங்களில் 279 பாகங்களாக ஒளிபரப்பியது. கலிபோர்னியாவிலுள்ள பாசடீனா என்ற ஊரில் இயற்பியல் ஆராய்ச்சி செய்யும் சில நண்பர்களின் கதை. அவர்களில் ஒருவர்தான் ஷெல்டன் கூப்பர். அந்த வேடத்தில் நடித்த ஜிம் பார்சன்ஸ் நான்கு முறை எம்மி விருது பெற்றார். நடிப்பு நன்றாகத்தான் இருக்கிறது. நானும் சிரித்தேன். சிரிக்கவில்லை என்று பொய் சொல்லப் போவதில்லை.

இந்த ஷெல்டனுக்கு சோபாவில் ஒரே ஒரு இடம் உண்டு. வேறு யாரும் அதில் உட்காரக் கூடாது. எந்தக் கிழமை என்ன சாப்பாடு என்பதற்கு ஒரு அட்டவணை. எதிர்வீட்டுப் பெண் பென்னியின் கதவைத் தட்டினால் மூன்று முறை தட்டி, மூன்று முறையும் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். நடுவில் கதவைத் திறந்துவிட்டாலும் கணக்கை முடித்தாக வேண்டும். ஒருவர் கிண்டலாகப் பேசினால் அது கிண்டல் என்று அவருக்கு விளங்காது. கூட வசிக்கும் நண்பர் ஒரு காட்சியில் 'கிண்டல்' என்று எழுதிய அட்டையையே தூக்கிக் காட்டுகிறார்.

இவையெல்லாம் ஆட்டிசம் உள்ளவர்களிடம் நாம் பார்க்கக்கூடிய குணங்கள். ஆனால் 12 வருஷமும் தொடர் அந்தச் சொல்லை அவருக்குச் சூட்டவில்லை. அப்படி நினைத்து நாங்கள் எழுதவில்லை என்றே தயாரிப்பாளர்கள் சொல்லி வந்தார்கள். தனக்குப் பைத்தியம் இல்லை, சின்ன வயதிலேயே அம்மா பரிசோதித்துவிட்டார் என்று ஷெல்டன் அடிக்கடி சொல்வார். அது ஒரு நிரந்தரச் சிரிப்பு. இன்னொரு இடத்தில் அவருடைய தாயாரே, ஹூஸ்டனில் இருந்த அந்த நிபுணரிடம் மறுபடி காட்டாமல் விட்டது இப்போது வருத்தமாக இருக்கிறது என்கிறார். கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்கிறது. அந்த ஒரு இடத்தில் எனக்குச் சிரிப்பு வரவில்லை. பெஞ்சுக்கு அடியில் உட்கார்ந்திருந்த பையன்தான் ஞாபகத்துக்கு வந்தான்.

கூட்டம் என்று சொன்னேன் அல்லவா? இந்தத் தொடரை நாடகம்போல, ஸ்டூடியோவில் ஆட்களை உட்கார வைத்து, அவர்கள் முன்னால் எடுத்தார்கள். அந்தச் சிரிப்பொலி நமக்கும் கேட்கிறது. எந்த இடத்தில் சிரிக்க வேண்டும் என்பதை அது நமக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டே இருக்கிறது. சோபா இடத்துக்காக ஒருவர் பதறினால் சிரிப்பு. சாப்பாட்டு அட்டவணை மாறியதால் தவித்தால் சிரிப்பு. பத்து பாகம் பார்த்த பிறகு, நிஜத்தில் ஒரு பிள்ளை அப்படித் தவிக்கும்போதும் நம் வாய் தானாகச் சிரிக்கப் பழகிவிடுகிறது.

ஆட்டிசம் என்றால் என்ன?

இதைக் கொஞ்சம் சொல்லிவிட்டு மேலே போகலாம். பேச்சு, பார்வை, சைகை ஆகியவற்றால் மற்றவர்களோடு கொடுக்கல் வாங்கல் வைத்துக்கொள்வதில் வித்தியாசம். ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்வது, மாறுதலைத் தாங்க முடியாமை, ஓசை, வெளிச்சம், தொடுகை இவற்றை மிக அதிகமாகவோ மிகக் குறைவாகவோ உணர்வது. இவை சேர்ந்து சிறு வயதிலேயே தொடங்கும் ஒரு வளர்ச்சி நிலை. இது தொற்று வியாதி அல்ல. பேய் பிசாசு அல்ல. 1943-இல் லியோ கேனர் என்ற மருத்துவர் அமெரிக்காவில் 11 குழந்தைகளைப் பார்த்து இதை விவரித்தார். அடுத்த வருஷம் வியன்னாவில் ஹான்ஸ் ஆஸ்பெர்ஜர் என்ற மருத்துவரும் இதே போன்ற பிள்ளைகளைப் பற்றி எழுதினார். நன்றாகப் பேசக்கூடிய அந்தப் பிள்ளைகளை அவர் 'சின்னப் புரொபசர்கள்' என்றார். ஆஸ்பெர்ஜர் என்று தனியாகச் சொல்லி வந்ததை 2013-இல் அமெரிக்க மனநல மருத்துவர்கள் ஆட்டிசம் என்ற ஒரே தலைப்பின் கீழ் சேர்த்துவிட்டார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021-இல் உலகில் 127 பேருக்கு ஒருவர் இந்த நிலையில் இருந்தார்.

நம் அரசுத் தாள்களில் 'புற உலகச் சிந்தனையற்றோர்' என்று எழுதியிருக்கும். 'மன இறுக்கம்' என்றும் சொல்கிறார்கள். எனக்கு இரண்டுமே மனசுக்கு ஒப்பவில்லை. பஸ் நம்பரை மனப்பாடம் செய்கிற பிள்ளைக்குப் புற உலகச் சிந்தனை இல்லை என்று எப்படிச் சொல்வது? ஆகவே ஆட்டிசம் என்றே எழுதுகிறேன்.

சிரிப்புத் தொடருக்கு ஏன் இப்படி ஒரு ஆள் தேவைப்படுகிறார்?

இதைப் புரிந்துகொண்டால் பாதி தெளிவு வந்துவிடும். சிரிப்புத் தொடர் எழுதுகிறவருக்கு வாராவாரம் சரக்கு வேண்டும். மாறாத பழக்கம் உள்ள ஒரு பாத்திரம் கிடைத்தால் அது அட்சய பாத்திரம். இந்த வாரம் சோபா, அடுத்த வாரம் கதவு, அதற்கடுத்த வாரம் சாப்பாடு. சொல்லுக்குச் சொல் அப்படியே அர்த்தம் எடுத்துக்கொள்கிற ஒருவர் இருந்தால், பக்கத்தில் யார் எதைப் பேசினாலும் ஒரு குழப்பம் உண்டாகும். குழப்பம்தான் நகைச்சுவையின் மூலதனம். மனதில் பட்டதை முகத்துக்கு நேரே சொல்கிறவர் என்றால் இன்னும் வசதி. மற்றவர்கள் சொல்லக் கூச்சப்படுவதையெல்லாம் அவர் வாயால் சொல்ல வைக்கலாம்.

ஆக, ஆட்டிசத்தில் எது சிரிப்புக்கு உதவுமோ அதை மட்டும் பொறுக்கி எடுக்கிறார்கள். உதவாததை விட்டுவிடுகிறார்கள். விட்டது எது தெரியுமா? பேச்சு. சிரிப்புத் தொடர் பேச்சிலேயே ஓடுகிற வண்டி. அதில் பேசாத பாத்திரத்துக்கு இடமில்லை. ஆனால் ஆட்டிசம் உள்ளவர்களில் ஏறத்தாழ நாலில் ஒருவர் பேச்சே இல்லாமலோ, ஓரிரு சொற்களோடோ இருக்கிறார். அறிவு வளர்ச்சியிலும் பின்தங்கியிருப்பவர்கள் பத்தில் மூன்று நான்கு பேர். அபூர்வமான தனித்திறமை மிகச் சிலரிடமே காணப்படுகிறது. 1988-இல் வந்த 'ரெயின் மேன்' என்ற ஆங்கிலப் படத்திலிருந்தே, ஆட்டிசம் என்றால் உள்ளே ஒரு மேதை ஒளிந்திருப்பான் என்ற எண்ணம் உலகம் முழுக்கப் பரவிவிட்டது. தொடர்கள் அதற்கு உரம் போட்டன. இதனால் இரண்டு பக்கமும் நஷ்டம். பேசாத பிள்ளையைப் பெற்றவர்கள், "டீவியில வர்ற மாதிரி இல்லையே, அப்போ இது வேற ஏதோ" என்று நினைக்கிறார்கள். கொஞ்சம் கெட்டிக்காரத்தனம் உள்ள பிள்ளையைப் பெற்றவர்கள், "டீவியில வர்ற மாதிரியே இருக்கான், பெரிய ஆளாயிடுவான்" என்று நினைக்கிறார்கள். இரண்டு வீட்டுக்காரர்களும் மருத்துவமனைக்கு வருவதில்லை.

இன்னொன்றையும் விட்டுவிடுகிறார்கள். வழக்கம் மாறினால் உண்டாகும் நிஜமான துன்பம். பழக்கப்பட்ட வழியில் போகாமல் பஸ் வேறு தெருவில் திரும்பியதற்காக, தரையில் விழுந்து, தலையை மோதிக்கொண்டு, முக்கால் மணி நேரம் அழுத பிள்ளையை நான் பார்த்திருக்கிறேன். அதைக் காட்டினால் யார் சிரிப்பார்கள்?

பெண் பிள்ளைகளையும் இந்த வகைத் தொடர்கள் வெகுகாலம் மறந்தே இருந்தன. ஷெல்டன், ஏபெட், இங்கிலாந்துத் தொடர் 'தி ஐ.டி. கிரௌட்'டில் வரும் மாஸ் எல்லாரும் ஆண்கள்தான். ஆண் பிள்ளைகளிடம் ஏறத்தாழ மூன்று மடங்கு அதிகமாக இது கண்டுபிடிக்கப்படுகிறது என்பது உண்மை. ஆனால் கேனர் பார்த்த முதல் 11 பேரிலேயே 3 பேர் பெண் குழந்தைகள். பெண் பிள்ளை அமைதியாக ஒரு மூலையில் இருந்தால் "அடக்கமான பொண்ணு" என்று பெயர் வாங்கிவிடுகிறது. பள்ளிக்கூடத்தில் மற்ற பிள்ளைகளைப் பார்த்துப் பார்த்து அதே மாதிரி நடிக்கவும் கற்றுக்கொள்கிறது. அதனால் தாமதமாகத்தான் தெரிய வருகிறது. உங்கள் வீட்டில் பெண் குழந்தை இருந்தால் இதை மனதில் வையுங்கள்.

மிஸ்டர் பீனைப் பற்றியும் சிலர் என்னிடம் கேட்டார்கள். 1990 முதல் 1995 வரை 15 பாகங்கள் வந்த அந்தத் தொடர் நம் ஊர்க் குழந்தைகளுக்கும் நன்றாகத் தெரியும். அவருக்கும் ஆட்டிசமா என்றால், அந்த ஆராய்ச்சி நமக்கு வேண்டாம். நடித்த ரோவன் அட்கின்சன், பெரியவன் உடம்பில் இருக்கும் ஒரு குழந்தை என்றுதான் அவரை விவரித்திருக்கிறார். கதைப் பாத்திரத்துக்குச் சீட்டு எழுதும் வேலை நம்முடையதல்ல. நம் பிள்ளையின் விஷயம்தான் நம்முடையது.

கதவைத் தட்டியதற்குக் காரணம்

ஷெல்டன் கதவை மூன்று முறை தட்டுவதைச் சொன்னேன். ஒன்பது வருஷம் அது வெறும் சிரிப்பாகவே இருந்தது. 2016-இல் வந்த ஒரு பாகத்தில் அவர் பென்னியிடம் காரணம் சொல்கிறார். பதின்மூன்று வயதில் கல்லூரி விடுமுறைக்கு வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தபோது, தகப்பனார் வேறொரு பெண்ணோடு இருந்ததைப் பார்த்துவிட்டார். அன்றிலிருந்துதான் மூன்று தட்டு. முதல் தட்டு வழக்கத்துக்கு. மற்ற இரண்டும் உள்ளே இருப்பவர்கள் உடையைச் சரிசெய்துகொள்வதற்கு.

இதை எழுதியவர்கள் நல்ல காரியம் செய்தார்கள் என்பேன். ஆனால் ஒன்பது வருஷம் தாமதம். நான் தாய்மார்களிடம் சொல்வதும் இதுதான். பிள்ளை செய்கிற விசித்திரமான காரியத்துக்குப் பின்னால் அநேகமாக ஒரு காரணம் இருக்கும். மிக்ஸி போட்டதும் காதைப் பொத்திக்கொண்டு ஓடுகிறதா? அந்தச் சத்தம் நமக்கு வெறும் சத்தம், அதற்கு வலி. புதுச் சட்டையைக் கழற்றி எறிகிறதா? கழுத்துக்குப் பின்னால் உள்ள துணிப்பட்டையைத் தொட்டுப் பாருங்கள். கத்தரித்துவிட்டால் போதும், போட்டுக்கொள்ளும். காரணத்தை வாயால் சொல்ல அதற்குத் தெரியாது. நாம்தான் போலீஸ்காரர் மாதிரி துப்புத் துலக்க வேண்டும்.

வேறு மாதிரியும் எழுத முடியும்

எல்லாத் தொடரையும் ஒரே தராசில் போடக் கூடாது. 2009 முதல் 2015 வரை வந்த 'கம்யூனிட்டி' என்ற அமெரிக்கத் தொடரில் ஏபெட் என்று ஒரு கல்லூரி மாணவன் வருகிறான். முதல் பாகத்திலேயே ஒருவன் கோபத்தில் ஆஸ்பெர்ஜர் என்ற பெயரை அவன்மேல் வசவாக எறிகிறான்; கூட இருப்பவர்கள் அந்தப் பெயரின் ஒலியைக் கேட்டே சிரிக்கிறார்கள். தொடக்கம் இவ்வளவுதான் என்று மூடிவிடப் பார்த்தேன். ஆனால் இந்தத் தொடரை உண்டாக்கிய டான் ஹார்மன், ஏபெட்டை எழுதுவதற்காக இதைப் பற்றிப் படிக்கப் போய், அதில் தன்னையே பார்த்ததாகப் பிற்பாடு சொல்லியிருக்கிறார். அந்த வித்தியாசம் எழுத்தில் தெரிகிறது. பின்னால் சிரிப்பொலியும் கிடையாது. சிரிப்பதா வேண்டாமா என்பது நம் பொறுப்பு.

தொடக்கப் பாகங்களில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். பெற்றவர்களுக்கு உரியது. ஏபெட்டின் தகப்பனாருக்குச் சொந்தமாக உணவுக்கடை. மகன் வியாபாரம் படித்துக் கடைக்கு வர வேண்டும் என்பது அவர் ஆசை. மகனுக்கோ சினிமா எடுக்க ஆசை. தாயார் குடும்பத்தை விட்டுப் போய்விட்டவர். மகன் ஒரு சின்னப் படம் எடுத்துத் தகப்பனாருக்குப் போட்டுக் காட்டுகிறான். அதைப் பார்த்த பிறகுதான் அவருக்கு விளங்குகிறது: அம்மா போனதற்குத் தானே காரணம் என்று இந்தப் பிள்ளை இத்தனை நாளாய் மனசுக்குள் வைத்திருந்திருக்கிறான். அழுதுவிடுகிறார். மகனைப் புரிந்துகொள்வது கஷ்டமாக இருக்கிறது, படம் எடுத்தால்தான் அவனால் சொல்ல முடியும் என்றால் எடுக்கட்டும் என்று, அந்த வகுப்புக்குத் தானே பணம் கட்டச் சம்மதிக்கிறார்.

உணர்ச்சியே இல்லாத பிள்ளை என்று எத்தனை பேர் சொல்லக் கேட்டிருக்கிறேன்! உணர்ச்சி இருக்கிறது. வெளியே வரும் வழிதான் வேறு. சிலருக்குப் படம், சிலருக்குத் தாளம், சிலருக்கு செல்போனில் எழுத்தைத் தட்டுவது. 2010 டிசம்பரில் வந்த கிறிஸ்துமஸ் பாகத்தில், வருஷாவருஷம் வரும் அம்மா இந்த வருஷம் வரமாட்டாள் என்று தெரிந்ததும், ஏபெட்டின் கண்ணுக்கு எல்லாரும் களிமண் பொம்மைகளாகத் தெரிகிறார்கள். நண்பர்கள் அவனை உலுக்கி இழுத்து வரவில்லை. அந்தப் பொம்மை உலகத்துக்குள்ளேயே போய் அவன் பக்கத்தில் நிற்கிறார்கள். பிள்ளை தரையில் உட்கார்ந்து சக்கரம் சுற்றினால் நீங்களும் தரையில் உட்கார்ந்து ஒரு சக்கரம் சுற்றுங்கள் என்று பயிற்சி மையங்களில் தாய்மார்களுக்குச் சொல்லித்தருவதும் இதே முறைதான். முதலில் நாம் அதன் விளையாட்டுக்குள் போக வேண்டும். அப்புறம்தான் அது நம் பக்கம் திரும்பும்.

தாய் தகப்பன் தன்னையே நொந்துகொள்வதைப் பற்றியும் ஒரு வார்த்தை. தாயின் பாசக்குறைவுதான் ஆட்டிசத்துக்குக் காரணம் என்று மேனாட்டில் ஒரு காலத்தில் பேசினார்கள். 1967-இல் புரூனோ பெட்டல்ஹைம் என்பவர் புத்தகமே போட்டார். அது சுத்தத் தவறு என்பது எப்போதோ தெளிவாகிவிட்டது. இருந்தாலும் மாமியார் வாயில் அது இன்னும் உயிரோடு இருக்கிறது. தட்டம்மை ஊசியால் வருகிறது என்ற வதந்தியும் அதே ரகம். 1998-இல் 12 குழந்தைகளை மட்டும் வைத்து எழுதிய ஒரு கட்டுரையிலிருந்து கிளம்பியது அது. வெளியிட்ட மருத்துவப் பத்திரிகையே 2010-இல் அக்கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. கைக்குழந்தைக்கு ஊசியைத் தள்ளிப் போடாதீர்கள்.

அண்மைக் காலத்தில் நிலைமை கொஞ்சம் மாறியிருக்கிறது. 2017-இல் தொடங்கிய 'அடிபிகல்' என்ற தொடரில் கதாநாயகனுக்கு ஆட்டிசம் என்று வெளிப்படையாகவே சொன்னார்கள். ஆனால் நடித்தவருக்கு அது இல்லை. முதல் வருஷத்தில் ஆட்டிசம் உள்ளவர்களைக் கலந்துகொள்ளவில்லை என்று கண்டனம் எழுந்தது. அடுத்த வருஷத்திலிருந்து அவர்களில் சிலரையே நடிக்க வைத்தார்கள். 2020-இல் வந்த 'எவரிதிங்ஸ் கோனா பி ஓகே' என்ற தொடரில், ஆட்டிசம் உள்ள மெடில்டா என்ற பெண்ணாக நடித்த கேலா க்ரோமர் தாமே ஆட்டிசம் உள்ளவர். அதில் வேடிக்கை உண்டு. ஆனால் அந்தப் பெண்ணும் சேர்ந்து சிரிக்கிறாள், கோபிக்கிறாள், ஆசைப்படுகிறாள். நான் பார்த்தவற்றில் என் வாக்கு இதற்கும் ஏபெட்டுக்கும்தான்.

நம் வீட்டில் என்ன செய்வது?

தொடரைப் பார்க்காதீர்கள் என்று சொல்ல நான் யார்? பாருங்கள். பிள்ளைகளும் கூட உட்கார்ந்து பார்க்கும்போது மட்டும் ஒரு கேள்வியைப் போட்டுப் பழக்குங்கள்: "இப்ப எல்லாரும் சிரிச்சாங்களே, அவருக்கும் சிரிப்பு வந்துச்சா?" பள்ளிக்கூடத்தில் தனியாக நிற்கும் ஒரு பிள்ளையை மற்றவர்கள் 'ஷெல்டன்', 'ரோபோ' என்று பட்டப்பெயர் வைத்துக் கூப்பிடுவது எனக்குத் தெரியும். வகுப்பாசிரியரே அப்படிக் கூப்பிட்ட ஒரு பள்ளியும் உண்டு. பெயரைச் சொல்லவில்லை. அந்தப் பையன் மறுவாரம் முதல் பள்ளிக்கே வரவில்லை.

சொந்தப் பிள்ளையைப் பொறுத்தவரை டீவியை வைத்து எடை போடாதீர்கள். இப்படிப் பாருங்கள். ஒன்பது மாதம் ஆகியும் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பாமல் இருக்கிறதா? ஒரு வயதில் டாட்டா காட்டுவது, கை நீட்டித் தூக்கச் சொல்வது போன்ற சைகைகள் இல்லையா? ஒன்றரை வயதில் காக்காயையோ நிலாவையோ விரலால் சுட்டிக் காட்டி, "நீயும் பாரு" என்பதுபோல உங்கள் முகத்தைப் பார்க்கவில்லையா? இதுதான் முக்கியம். வேண்டியதைக் கேட்பதற்காக உங்கள் கையைப் பிடித்து இழுத்துப் போவது வேறு. பார்த்ததைப் பங்கு போட்டுக்கொள்ளச் சுட்டிக் காட்டுவது வேறு. பேசிக்கொண்டிருந்த சொற்கள் நின்றுபோயினவா? இருந்தால் ஒரு நாளும் காத்திருக்க வேண்டாம். "ஆம்பளப் பிள்ளை லேட்டாத்தான் பேசும், அவங்க அப்பாவும் அப்படித்தான்" என்பார் பாட்டி. பாட்டிக்கு மரியாதை கொடுங்கள், பிள்ளையை மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள். இரண்டையும் செய்யலாம்.

இவற்றில் ஒன்று இருப்பதாலேயே ஆட்டிசம் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. காது கேளாமையாகவும் இருக்கலாம். ஆகையால் காது பரிசோதனை முதலில். அங்கன்வாடிக்கு வருஷத்துக்கு இரண்டு முறையும் பள்ளிக்கு ஒரு முறையும் வரும் நடமாடும் மருத்துவக் குழு 2013-இல் தொடங்கிய தேசியத் திட்டத்தின் கீழ் இந்தச் சோதனையைச் செய்கிறது. அவர்கள் எழுதித் தந்தால் மாவட்ட ஆரம்ப நிலை இடையீட்டுச் சேவை மையத்துக்குப் போகலாம். பேச்சுப் பயிற்சி, செயல்வழிப் பயிற்சி எல்லாம் அங்கே இலவசம். 2016-ஆம் வருஷத்து மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசத்தைத் தன் 21 வகைகளில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது. சான்றிதழ் வாங்குவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. முழுசாகக் குணமாக்கும் மருந்து என்று யாராவது விளம்பரம் செய்தால் பணத்தைக் கொடுக்காதீர்கள். அப்படி ஒரு மருந்து கிடையாது. பயிற்சி உண்டு, அது எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறதோ அவ்வளவு நல்லது.

அந்தப் பஸ் நம்பர் பையனுக்கு இப்போது நாலரை வயது. வாரத்தில் இரண்டு நாள் மையத்துக்கு வருகிறான். கூட்டி வருவது மாமன்தான், கல்லூரி இல்லாத நாளாகப் பார்த்து. போன மாதம் வாசலில் பஸ் வந்தபோது, பையன் அதைச் சுட்டிக் காட்டிவிட்டு மாமன் முகத்தைத் திரும்பிப் பார்த்தானாம். அதைச் சொல்வதற்காகவே அந்தத் தம்பி என் அறைக்கு வந்தான். மேதை ஆவான் என்ற பேச்சை அவன் இப்போது எடுப்பதில்லை.

மையத்துக்கு முதல் தடவை போகும்போது தாய் சேய் நல அட்டையைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். புது இடத்தில் பிள்ளை மிரண்டு போய், வீட்டில் செய்கிறதைச் செய்யாமல் இருக்கும். அதனால் அது வீட்டில் விளையாடும்போதும், சாப்பிடும்போதும், பெயர் சொல்லிக் கூப்பிடும்போதும் உங்கள் செல்போனில் இரண்டு இரண்டு நிமிஷம் வீடியோ எடுத்து வைத்துக்கொண்டு போங்கள். டாக்டர் கேட்பார்.